சனி மூலையில் புதைந்த மிதவை

இருபது பேருக்கு மேல் இருக்கும். எல்லாரும் குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் வெள்ளைக்காரப் பிள்ளைகள். மீதிப் பேர் கோவளத்து மீன்காரப் பையன்கள். நடுவில் என் நாத்தனார் காசி. புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகியிருந்தாள்.

தேடியது உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டக் கட்டை. மீன் வலையில் கட்டுகிற மிதவைக் கட்டை.

தேடிய இடம் என்னுடைய உப்புப் பாத்தி.

வரப்பின் மேல் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். நான் அந்தக் குடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் இதே பக்கத்தில் உப்பில் வெடித்த கால்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மகளோடு வேலை செய்கிற பெண் கேட்டாளாம், "உங்கம்மா மிதிச்சாங்க, மிதிச்சாங்கன்னே எழுதுறாங்களே, அந்த உப்பளத்துல சிரிக்கிற மாதிரி ஒண்ணும் நடக்கலியா?" என்று.

நடந்தது. ஐஸ் ஹாக்கி நடந்தது.

மிதிப்பு

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். வருஷம் சரியாக நினைவில்லை. அடை மழை விட்டு உப்பங்கழியில் தண்ணீர் இறங்கியிருந்தது.

நான் பிறந்தது படாளம் பக்கம். நெல் வயல். கட்டிக்கொடுத்தது கோவளத்துக்கு மேற்கே, கழியோரத்து உப்பளத்தில். வயல் சேறு காலை உள்ளே இழுக்கும். உப்பளத்துச் சேறு காலை வழுக்கித் தள்ளும். அது தெரியாமல் வந்த முதல் நாளே மல்லாந்து விழுந்தேன். காசிக்கு அப்போது பாவாடை வயசு. "அண்ணி வானத்தப் பாக்குறாங்க!" என்று அளம் முழுக்கக் கேட்கும்படி கூவினாள்.

அதற்கப்புறம் விழவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் பாத்தியில் நிற்கிற தண்ணீரை வடித்துவிடுவோம். அடியில் களிமண் இருக்கும். சாம்பல் நிறம். வெண்ணெய் மாதிரி வழுவழுப்பு. அதைக் காலால் மிதிக்க வேண்டும். குதிகாலுக்குப் பக்கத்தில் குதிகால். பின்பக்கமாகவே நகர வேண்டும். ஓரிடமும் விடக் கூடாது. கொஞ்சம் காயவிட்டு மறுபடி மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கத் தரை இறுகும். இறுகின தரையில்தான் உப்புத் தண்ணீர் நிற்கும். இளக்கமாக இருந்தால் தண்ணீர் கீழே போய்விடும். மிச்சத் தண்ணீரில் பூக்கிற உப்பும் கறுப்பாக வரும்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு பாத்தி. தண்ணீர் விடும் நாளை மேஸ்திரி சொல்லுவார். அதற்கு முன் சோதனை உண்டு. வடகிழக்கு மூலையைச் சனி மூலை என்போம். அங்கே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். ஒரு பீடி பற்றவைப்பார். பீடி முடிகிற வரைக்கும் தண்ணீர் நின்றால் பாத்தி நம்முடையது. உறிஞ்சிவிட்டால் பாத்தி வேறு குடும்பத்துக்குப் போய்விடும். அந்த வருஷம் நமக்கு வேலை இல்லை. பாத்திக்காகக் காத்திருக்கிற குடும்பங்கள் எப்போதும் இருக்கும்.

அந்தத் தையில் என் வீட்டுக்காரர் ஆறுமுகத்தின் குதிகாலில் கழிச்சிப்பி வெட்டிவிட்டது. ஆழமான வெட்டு. செங்கல்பட்டு ஆசுபத்திரியில் தைத்து, பெரிய கட்டாகக் கட்டி, காலைத் தரையில் வைக்காதே என்று அனுப்பினார்கள்.

மிதிக்க நானும் காசியும்தான். பாத்தி பெரியது. நாள் குறைவு.

அக்கம்பக்கத்தார் வரமாட்டார்களா என்று கேட்பீர்கள். வரமாட்டார்கள். கெட்ட மனசு இல்லை. எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பாத்திக்காரர் கால் இன்னொருவர் பாத்தியில் படக் கூடாது. பட்டால் அந்தப் பாத்தி உப்பு அந்தக் காலோடு போய்விடும் என்பார்கள். அதனால் அவரவர் வரப்பிலேயே நின்று பேசுவோம். பக்கத்துப் பாத்தி சின்னப்பொண்ணு தினமும் கூழ் கொண்டுவந்து வரப்பில் வைப்பாள்.

"எல்லம்மா, கை குடுக்கணும்னா குடுத்துருவேன். இது கால் குடுக்குற வேலையாப் போச்சே" என்பாள்.

கூழைக் குடித்துவிட்டு மறுபடி இறங்குவோம்.

நான் பார்த்த ஐஸ்

அப்போது ஐஸ் என்றால் எனக்குத் தெரிந்தது மீன் பெட்டி ஐஸ்தான். செங்கல்பட்டிலிருந்து பாளமாக வரும். மேலே மரத்தூள் ஒட்டியிருக்கும். கோணியில் சுற்றி லாரியிலிருந்து இறக்குவார்கள். கோவளம் கடைத்தெருவில் காதர் பாய் கடைக்குப் பின்னால் அதை உளியால் உடைப்பார்கள். தெறிக்கிற துண்டைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னும். மீன் வாடையும் மரத்தூளும்தான் அதன் ருசி.

காதர் பாய் முன்பு சரக்குக் கப்பலில் சமையல் செய்தவர். பல துறைமுகம் பார்த்தவர். இங்கிலீஷ் பேசுவார். ஊரில் யாருக்கு எந்த வெளிநாட்டுக்காரரோடு பேச வேண்டுமென்றாலும் பாய்தான். மகாபலிபுரம் பார்க்க வருகிறவர்கள் வழியில் வண்டி கெட்டு நின்றாலும் அவர் கடைக்குத்தான் வருவார்கள்.

அந்த வருஷம் கடற்கரையோரம் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். புயலில் இடிந்த மீனவர் வீடுகளைத் திருப்பிக் கட்ட வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக. எல்லாம் இளவட்டம். மீசை அப்போதுதான் முளைத்த வயசு. என்னென்ன நாடு என்று பாய் சொன்னார். எனக்குக் கனடா மட்டும்தான் மனசில் நின்றது. மற்றதெல்லாம் வாயில் வரவில்லை.

வெயிலில் செங்கல் தூக்கி எல்லாரும் வெந்த இறால் மாதிரி சிவந்திருந்தார்கள்.

கனடா வழுக்கினான்

ஒரு நாள் சாயங்காலம் காதர் பாய் உப்பளம் காட்ட இரண்டு பேரைக் கூட்டி வந்தார். ஒருத்தன் கனடாக்காரப் பையன். ஒருத்தி ரொம்ப உயரமான பெண். காசி பார்த்ததுமே அவளுக்கு நெட்டை என்று பேர் வைத்துவிட்டாள்.

நாங்கள் மிதித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பையன் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். யாரும் எதிர்பார்க்கவில்லை, பாத்திக்குள் காலை வைத்துவிட்டான்.

வழுக்கினான். ஆனால் விழவில்லை. ஒரு காலைத் தள்ளினான், அடுத்த காலைத் தள்ளினான். கையை வீசிக்கொண்டு இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் போய்விட்டான். கொக்கு தண்ணீர் மேல் தாழப் பறக்குமே, அப்படி.

சுற்றிலும் எல்லாப் பாத்தியிலும் வேலை நின்றது.

"அய்யோ! பாத்தியில கால வெச்சிட்டான்!" என்று சின்னப்பொண்ணு கத்தினாள்.

அந்தப் பையனோ அங்கே நின்று என்னவோ கூவினான். முகமெல்லாம் பல்.

"இன்னா பாய் சொல்றான்?" என்றேன்.

"இது அப்டியே ஐஸு மாதிரி கீதாம் எல்லம்மா. அவங்க ஊர்ல குளம் குட்டையெல்லாம் ஐஸாப் பூடும். அதும் மேல ஹாக்கி ஆடுவாங்க. ஐஸ் ஹாக்கின்னு பேரு. கால்ல கத்தி மாதிரி ஒண்ணக் கட்டிகினு வழுக்கினே போயி, ஒரு வட்டக் கட்டைய மட்டையால தள்ளி, வலைக்குள்ள அடிக்கணும்."

காசி கேட்டாள், "குளம் ஐஸாப் பூட்டா மீன்காரன் இன்னா பண்ணுவான்?"

பாய் அதையும் கேட்டார். நெட்டை பதில் சொன்னாள். ஐஸில் ஓட்டை போட்டுத் தூண்டில் விடுவார்களாம்.

"பொயப்பு எங்க போனாலும் ஓட்டைதான்" என்றாள் காசி.

பாய் இன்னொன்றும் சொன்னார். பல நாட்டு இளவட்டங்கள் சேர்ந்து ஆடுகிற ஐஸ் ஹாக்கிப் போட்டி ஒன்று அந்த மாதம்தான் எங்கேயோ நடந்துகொண்டிருந்ததாம். அதற்குப் போகிற ஆட்டக்காரர்களில் இந்தப் பையனும் இருந்தானாம். கடைசியில் இவனைக் கழித்துவிட்டார்களாம். அந்த வருத்தத்தில்தான் இங்கே செங்கல் தூக்க வந்தானாம்.

அதைச் சொல்லும்போது பையன் பாத்தியின் நடுவில் நின்று காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் பாய் தலையைச் சொறிந்தார். "எல்லம்மா, இதுங்க ஒண்ணு கேக்குது. இங்கயே ஒரு போட்டி வெச்சிக்கலாமான்னு. சாயங்காலத்துல மட்டும்."

கூட்டம் கூடிவிட்டது. அவரவர் வரப்பில் நின்றபடி பேசினார்கள்.

"கூடாது. அடுத்தவன் கால் படக் கூடாது."

"அது பாத்திக்காரன் காலுக்குத்தானே சொன்னது? இவனுக்குப் பாத்தி எங்க கீது?"

"ஐஸ் கீதே!"

"ஐஸுக்கும் உப்புக்கும் இன்னாடா?"

"ரெண்டும் மீனு மேல போடுறதுதான்."

அதைக் கேட்டு வரப்பெல்லாம் சிரித்தது.

என் வீட்டுக்காரர் கவிழ்த்த கூடையின் மேல் காலை வைத்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் பாத்தியைப் பார்த்தேன். பாதிகூட மிதிபடவில்லை. சோதனை நாள் நெருங்கிவிட்டது.

"ஆடட்டும் பாய். மிதிச்சா போதும். ஆனா செருப்பு கூடாது. மட்டையால தரையக் கிளறக் கூடாது" என்றேன். "எங்க பாத்தி போயிடாம இருக்கணும். அத ஒயுங்காச் சொல்லிடுங்க."

பாய் சொன்னார். எதற்காக என்றும் சொன்னார். பையன் வரப்புக்கு வந்து என் வீட்டுக்காரர் காலைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

போட்டி

மூன்று கட்சி. கனடாப் பையன் கட்சி ஒன்று. நெட்டையின் கட்சி ஒன்று. இரண்டிலும் பல நாட்டுப் பிள்ளைகள் கலந்திருந்தார்கள். மூன்றாவது கோவளம். அதற்குத் தலைவன் அந்தோணி. கட்டுமரக்காரர் மகன். மீன்காரப் பையன்களுக்கும் பாத்தி கிடையாது, அதனால் அவர்கள் கால் படலாம். வாய் கொஞ்சம் அதிகம்.

பனை மட்டையை வெட்டி, ஓரத்துக் கருக்கைச் சீவி, ஹாக்கி மட்டை ஆக்கினார்கள். பனை மட்டைக்கு அடியில் இயற்கையாகவே ஒரு வளைவு உண்டு. கனடாப் பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவர்கள் ஊர் வட்டக் கட்டைக்குப் பதில் மிதவைக் கட்டை. கோலுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கம்பு நட்டுப் பழைய வலையைக் கட்டினார்கள். காதர் பாய் தன் சைக்கிள் மணியைக் கழற்றிக்கொண்டு வந்து வரப்பில் நின்றார். அவர்தான் நடுவர். மணி அடித்தால் நிறுத்த வேண்டும்.

கோவளத்துக் கட்சிக்குக் கோல் காக்க ஆள் இல்லை. காசி இறங்கிவிட்டாள். அவள் எங்கள் வீட்டுக் கால், அதனால் பாத்திக்குத் தோஷம் இல்லை. உப்புக் கூடையைக் கையில் மாட்டிக்கொண்டாள்.

"பொம்பளையா கோல்ல?" என்றான் அந்தோணி.

"உன்ன நிக்க வெச்சா வலைய வித்துட்டுப் பூடுவ" என்றாள்.

முதல் ஆட்டம் தொடங்கும்போது அந்தோணி நெஞ்சை நிமிர்த்தினான். "டேய் கனடா! வழுக்குறதுக்கு உங்களுக்குக் கத்தி கட்டணுமாமே. எங்களுக்குப் பொறந்த காலே போதும்டா."

சொல்லிவிட்டு ஓடினான். நாலடி போகவில்லை. தலைகீழாகப் போய் வரப்பில் முட்டினான்.

"அந்தோணி, பொறந்த காலு எங்க போச்சி?" என்றாள் காசி.

கடற்கரை மணலில் ஓடுகிற கால் வேறு. வழுக்கு மண்ணில் போகிற கால் வேறு. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஓடவில்லை, தள்ளிக்கொண்டு போனார்கள். முழங்கால் மடங்கியிருந்தது. பார்த்துப் பார்த்து நம் பையன்களும் கற்றுக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் நம் பையன்களிடம் விழுவதைக் கற்றுக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் யார் எந்த நாடு என்று தெரியவில்லை. எல்லாரும் சாம்பல் நிறம். நெட்டையை மட்டும் உயரத்தால் கண்டுபிடிக்கலாம்.

வரப்பு முழுக்க அளத்துக்காரர்கள். எல்லாருக்கும் இறங்க ஆசை. இறங்க முடியாது. சின்னப்பொண்ணின் கணவர் வரப்பிலேயே நின்று காலைக் காலைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிவதற்குள் வரப்பு ஓரம் தேய்ந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் கோல் கணக்கு வைத்தார். ஒரு கோலுக்கு ஒரு சிப்பி. காலை வெட்டின சிப்பிக்கு இப்படி ஒரு வேலை.

உப்பு மண் தோலை எரிக்கும். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் காலை உதறிக்கொண்டு குதித்தார்கள். காசி கழுவச் சொல்லித் தேங்காய் எண்ணெய் கொடுத்தாள். நெட்டை தன் காலை நீட்டிக் காசியின் காலோடு வைத்துப் பார்த்தாள். காசியின் பாதம் பலகை மாதிரி இருந்தது. நெட்டை அதைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"இந்தக் காலு இருந்தா அவங்க ஊர்ல ராணியாம்" என்றார் பாய்.

"அப்ப ராணிக்கு நாஸ்தா எங்க?" என்றாள் காசி.

கம்பு பிடுங்கினேன்

மறுநாள் காலை பாத்தியில் நடந்து பார்த்தேன். குதிகாலால் அழுத்தினேன். நடுவில் நன்றாக இறுகியிருந்தது. இரண்டு கோலுக்கும் முன்னால் கல் மாதிரி. எல்லாரும் அங்கேதானே மோதுகிறார்கள். ஆனால் தெற்குப் பக்கம் அப்படியே இருந்தது. ஒரு கால்கூடப் படவில்லை.

குதிகால் பள்ளங்களை நானும் காசியும் மிதித்துச் சமமாக்கினோம். அப்புறம் கோல் கம்பைப் பிடுங்கினேன். தெற்கு ஓரமாக நட்டேன்.

சாயங்காலம் வந்த பிள்ளைகள் திகைத்துவிட்டார்கள்.

"கோல இன்னாம்மா மாத்திட்ட?" என்றார் பாய்.

"தெற்கால மண்ணு இளக்கமா கீது பாய்."

பாய் சொன்னதும் சிரித்தார்கள். அவர்கள் ஊரிலும் பக்கம் மாறி ஆடுவார்களாம். கம்பைப் பிடுங்குவதுதான் புதுசாம். கனடாப் பையன் எனக்குச் சலாம் வைத்தான்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். காலையில் நான் அழுத்திப் பார்ப்பேன். எங்கே இளக்கமோ அங்கே கோல். ஒரு நாள் இரண்டு கோலும் கிட்டக்கிட்ட வந்துவிட்டது. அன்றைக்குச் சிப்பி போதவில்லை.

அளம் முழுக்கச் சாயங்காலத்துக்குக் காத்திருந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது. வெளியே சொல்லவில்லை.

ஒரே ஒரு இடம் மட்டும் மிச்சம். சனி மூலை. அங்கே கம்பு நடக் கூடாது. கற்பூரம் ஏற்றி முதல் உப்பு எடுக்கிற இடம் அது. கடைசி ஆட்டம் முடிந்ததும் பொழுது சாய்வதற்குள் நானும் காசியும் அதை மிதித்துவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் காலைதான் சோதனை என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

கடைசி ஆட்டம் கனடா கட்சிக்கும் கோவளத்துக்கும். நெட்டையின் கட்சி தோற்றுவிட்டது. ஜெயிக்கிற கட்சிக்கு ஒரு பெரிய வஞ்சிரம் என்று காதர் பாய் சொல்லியிருந்தார். அவர் வீட்டம்மா குழம்பு வைப்பார். பாய் வீட்டு மீன் குழம்பை நினைத்து ஊர்ப் பையன்கள் மதியம் சோறே தின்னவில்லை.

பாதி ஆட்டத்தில் மேஸ்திரி வந்துவிட்டார்.

தோளில் துண்டு. பின்னால் ஓர் ஆள், கையில் குடம். காலையில் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டதாம். அன்றைக்கே எல்லாப் பாத்தியும் பார்த்துவிடப் போகிறாராம்.

வரப்பில் நின்று ஆட்டத்தைப் பார்த்தார். துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"இது இன்னா கூத்து ஆறுமுகம்?"

"ஐஸ் ஹாக்கி மேஸ்திரி" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஐஸ் எங்க?"

"அதான் இல்ல."

மேஸ்திரி குடத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "சரி, முடியட்டும். முடிஞ்சதும் தண்ணி ஊத்துறேன்" என்றார்.

நான் காசியைப் பார்த்தேன். அவளும் சனி மூலையைத்தான் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அவள் கோலுக்குள் கட்டை போய்விட்டது. சிப்பிகள் இரண்டு பக்கமும் சமமாயின.

தோண்டாதே

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டம் நடக்கும்போது மூலையில் போய் மிதிக்க முடியாது. முடிந்தால் குடம்.

கனடாப் பையன் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். அந்தோணி குறுக்கே விழுந்து தள்ளினான். கட்டை எகிறியது. காசியின் கூடையில் பட்டு, கோலைத் தாண்டி, பக்கவாட்டில் பறந்து சனி மூலையில் போய் விழுந்தது.

இளக்கமான மண். கட்டை அங்கேயே செருகி நின்றது.

எல்லாரும் பாய்ந்தார்கள். வந்தவன் மேல் வந்தவன். மட்டையும் காலும் ஒன்றாகப் போயின. பாய் மணியை அடித்தார், அடித்தார். யாருக்கும் கேட்கவில்லை. அந்த மூலையில் ஒரே குதி, ஒரே தள்ளு. காசியும் கோலை விட்டுவிட்டு உள்ளே புகுந்துவிட்டாள். அவள் கட்டையைத் தேடினாளா மிதித்தாளா என்று நான் கேட்கவில்லை.

கூட்டம் விலகினபோது கட்டை இல்லை.

எல்லாரும் குனிந்து தடவினார்கள். இல்லை. மறுபடி மிதித்துப் பார்த்தார்கள், காலில் தட்டுப்படுகிறதா என்று. வரிசையாக நின்று மிதித்தார்கள். நெட்டையும் அவள் கட்சியும்கூட இறங்கி மிதித்தார்கள். கட்டை எங்கே போயிற்றோ.

முதலில் சொன்னேனே, இந்த இடத்தில்தான் நான் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கனடாப் பையன் மட்டையைத் திருப்பிப் பிடித்தான். காம்பால் தோண்டக் குனிந்தான்.

"தோண்டாத!" என்றேன்.

அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, அதற்கு அப்புறமும் பேசியதில்லை. பாய் மொழிபெயர்க்கவே இல்லை. பையன் நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான். குடத்தைப் பார்த்தான். மட்டையைக் கொண்டுவந்து வரப்பில் வைத்தான்.

"அப்ப யாரு ஜெயிச்சது?" என்றான் அந்தோணி. "அவன் அடிச்ச கட்டைதானே தொலைஞ்சது? எங்களுக்குத்தான் மீனு."

"நீதானேடா தட்டிவுட்ட?" என்றாள் காசி.

"உன் கூடையிலதான் பட்டுச்சி!"

பாய் கனடாப் பையனைக் கேட்டார். அவன் கொஞ்சமாகப் பேசினான்.

"அவங்க ஊர்ல கடைசியில இவனக் கழிச்சிட்டாங்க இல்ல? இங்க கடைசி வரைக்கும் ஆடிட்டானாம். ஜெயிச்சவன் யாருமே இல்லன்னாலும் பரவால்லயாம்" என்றார் பாய்.

அந்தோணி யோசித்தான். "மீனு எவ்ளோ பெருசு?" என்று கேட்டான். பாய் கையை விரித்துக் காட்டினார். "அப்ப எல்லாருக்கும் போதும்" என்று சேற்றுக் கையாலேயே கனடாப் பையன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

ஒரு பீடி

மேஸ்திரி எழுந்தார். சனி மூலை ஓரமாக வரப்பில் குந்தினார். குடத்தைச் சாய்த்தார்.

தண்ணீர் பரவி நின்றது. பீடியைப் பற்றவைத்தார்.

அது எதற்கென்று பிள்ளைகளுக்கும் தெரியும். எல்லாரும் வரப்போரம் வந்து குந்தினார்கள். கழிக்காற்று வீசியது. பீடி அணைந்துவிட்டது. மறுபடி பற்றவைத்தார். மறுபடி அணைந்தது.

"மேஸ்திரி, ஜல்தியா இழு" என்றாள் காசி.

"கம்முனு இரு."

ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. குமிழி உடைந்தது. தண்ணீர் இறங்கவில்லை. மேகம் அதில் அப்படியே தெரிந்தது. நெட்டை குனிந்து பார்த்தாள். அவள் முகமும் தெரிந்தது.

மேஸ்திரி பீடித் துண்டை வெளியே எறிந்தார்.

"நாளைக்குத் தண்ணி வுடலாம்" என்றார். எழுந்து அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரே கூச்சல். கனடாப் பையனும் அந்தோணியும் என் வீட்டுக்காரரைக் கூடையோடு தூக்கினார்கள். கட்டுக் கால் மட்டும் உயரத்தில் ஆடியது. "எறக்குங்கடா, எறக்குங்கடா!" என்று கத்தினார். சிரித்துக்கொண்டேதான் கத்தினார்.

நான் வரப்பில் உட்கார்ந்தேன். அன்றைக்கு முதல் முதலாக.

வஞ்சிரம் வந்தது. ஐஸ் பெட்டியில் வந்தது. பெட்டியைத் திறந்ததும் வெளிநாட்டுப் பிள்ளைகள் மீனைப் பார்க்கவில்லை. ஐஸைத்தான் எடுத்தார்கள். கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள். கழுத்தில் தேய்த்துக்கொண்டார்கள். ஐஸ் ஹாக்கிக்கு ஐஸ் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

கனடாப் பையன் மரத்தூளைத் துடைத்துவிட்டு ஒரு துண்டை என் கையில் வைத்தான். கை மரத்தது. கரைகிற வரைக்கும் வைத்திருந்தேன்.

கட்டை

மறுநாள் பாத்தியில் தண்ணீர் விட்டோம். எனக்கு ஒரு பயம் இருந்தது. அது மிதவைக் கட்டை. தண்ணீர் ஏறினால் மேலே வரப் பார்க்கும். வந்தால் தரையில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் தண்ணீர் அதன் வழியே போய்விடும். அன்றைக்கு முழுக்கச் சனி மூலை வரப்பிலேயே இருந்தேன். மறுநாளும் போய்ப் பார்த்தேன்.

கட்டை வரவில்லை. மிதிப்பு பிடித்திருந்தது.

தண்ணீர் காய்ந்து, கனத்து, மேலே பூத்தது. அதற்குள் முகாம் கலைந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். முதல் உப்பைச் சனி மூலையிலிருந்துதான் வாரினேன். வெள்ளை. காதர் பாய் ஒரு கை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐஸு மாதிரி கீதும்மா" என்றார்.

அடுத்த தையில் என் வீட்டுக்காரருக்குக் கால் ஆறிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். பின்பக்கமாக மிதித்துக்கொண்டே சனி மூலைக்கு வந்தோம். ஓரிடத்தில் அவர் நின்றார். குதிகாலைத் தூக்கி மறுபடி வைத்துப் பார்த்தார்.

"இங்கதான் கீது போல" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

அப்புறம் பல தை வந்தது. ஒவ்வொரு தையிலும் அந்த இடத்துக்கு வரும்போது அவர் ஒரு மிதி கூடுதலாக வைப்பார். நானும் வைப்பேன். அடுத்த மிதிக்குப் போய்விடுவோம்.